வண்டி போகும் இடம் எது? வட கரோலினாவில் கடலோரம், ஏரிக்கரை, மலை ஆர்வி கேம்ப்கிரவுண்டுகள்

மேற்கே மலைக்குள் மர்ஃபி, கிழக்கே தீவில் மேன்டியோ. வட கரோலினாக்காரர்கள் மாநிலம் முழுவதையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமென்றால் இந்த இரண்டு ஊர்ப் பெயரைத்தான் சொல்வார்கள். இடையில் 500 மைலுக்கு மேல் சாலை. ஒரு முனையில் அட்லாண்டிக்கை ஒட்டிய மணல்தீவுகள், நடுவில் அணை கட்டியதால் உண்டான ஏரிகள், மறுமுனையில் 6,684 அடி உயர மிட்செல் மலை. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே அதைவிட உயரமான சிகரம் கிடையாது.

ராலே, கேரி, மோரிஸ்வில், சார்லட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் ஆர்வியை, அதாவது படுக்கையும் சமையலறையும் உள்ள நடமாடும் வீட்டு வண்டியை, வாடகைக்கு எடுத்தாலும் சரி, சொந்தமாக வாங்கினாலும் சரி, முதலில் கேட்பது "எந்த இடம் அழகா இருக்கும்?" என்றுதான். எல்லா இடமும் அழகுதான். கேட்க வேண்டிய கேள்வி வேறு: அங்கே நம் வண்டி போகுமா, போனால் ஒழுங்காக நிற்குமா, அவசரமென்றால் வெளியே வருமா? கடலோரத்தில் தொல்லை கொடுப்பது காற்றும் ஒற்றைச் சாலையும். ஏரிக்கரையில் மின்சாரமும் தரைச் சரிவும். மலையில் போகிற வழி.

புக் செய்வதற்கு முன் டேப்பை எடுங்கள்

நீளம் என்றால் விற்பனைப் பெயரில் இருக்கும் எண் அல்ல. "28" என்று பெயர் வைத்த டிரெய்லர், டிரக்கோடு பிணைக்க முன்னால் நீளும் ஹிட்ச்சையும் பின் பம்பரையும் சேர்த்தால் 32 அடிகூட வரும். முன் ஹிட்ச் நுனியிலிருந்து பின்னால் தொங்கும் ஏணி, சைக்கிள் ஸ்டாண்டு வரை அளக்க வேண்டும். முன்பதிவுத் தளங்களில் சைட் (வண்டி நிறுத்தும் இடம்) விவரத்தில் "டிரைவ்வே நீளம்" என்று ஒரு எண் இருக்கும். பல இடங்களில் இழுக்கும் டிரக்கும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். 32 அடி டிரெய்லரையும் 20 அடி டிரக்கையும் 45 அடி சைட்டில் நேராக நிறுத்த முடியாது. டிரக்கைக் குறுக்கே திருப்பி நிறுத்த அகலம் இருக்கிறதா என்று சைட்டின் படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நிறுத்தியபின் வெளியே நீட்டும் பக்கச் சுவர், அதாவது ஸ்லைடு-அவுட், இருந்தால் அது திறக்கும் பக்கத்தில் மரமோ மின்கம்பமோ நிற்கக் கூடாது. பழைய பூங்காக்களில் சைட்டுகள் கூடாரத்தையும் சிறு டிரெய்லரையும் மனதில் வைத்துப் போடப்பட்டவை. நீளம் போதும், அகலம் போதாது என்பது அங்கே சர்வ சாதாரணம்.

உயரத்தைக் கூரை மட்டத்தில் அளந்தால் போதாது. மேலே இருக்கும் ஏசிப் பெட்டி, ஆன்டெனா எல்லாவற்றுக்கும் மேல் விளிம்புதான் உயரம். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே படுக்கை நீளும் கிளாஸ் சி வண்டிகள் பெரும்பாலும் 11 முதல் 12 அடி, டிரக்கின் பின்தொட்டிமேல் பிணையும் ஐந்தாம் சக்கர டிரெய்லர்கள் 13 அடியையும் தாண்டும். அந்த எண்ணை அடியும் அங்குலமுமாக எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். மலைப் பகுதிக்கு வரும்போது இதன் அவசியம் புரியும்.

அடுத்தது ஆம்ப் கணக்கு. 30 ஆம்ப் இணைப்பு என்றால் 120 வோல்ட்டில் மொத்தம் 3,600 வாட். 50 ஆம்ப் இணைப்பில் இரண்டு தனித்தனி லைன் வருவதால் 12,000 வாட். 20 ஆம்ப்தானே கூடுதல் என்று நினைத்துவிட வேண்டாம், மூன்று மடங்குக்கும் மேல். கூரை ஏசியின் குளிரூட்டும் திறன் 13,500 பிடியு என்றால் ஓடும்போது ஏறக்குறைய 12 முதல் 15 ஆம்ப் இழுக்கும். மின்சார வெந்நீர் ஹீட்டர் 12 ஆம்ப். 1,800 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 15 ஆம்ப். மூன்றும் சேர்ந்தால் 30 ஆம்ப் பிரேக்கர் விழுந்துவிடும். 30 ஆம்ப் சைட்டில் சமைக்கிற வரை ஹீட்டரை கேஸுக்கு மாற்றிவிட்டால் பெரும்பாலும் பிரச்சினை தீர்ந்தது. 50 ஆம்ப் வண்டியை மாற்று இணைப்பு போட்டு 30 ஆம்ப் கம்பத்தில் செருகலாம், ஆனால் கிடைப்பது 30 ஆம்ப்தான்.

கடலோரம்

அவுட்டர் பேங்க்ஸ் என்று தமிழர்கள் பொதுவாகச் சொல்வது கில் டெவில் ஹில்ஸ், நேக்ஸ் ஹெட் பக்கத்து வாடகை வீடுகளை. ஆர்விக்காரர்களுக்கு அதற்குத் தெற்கே தொடங்கும் கேப் ஹேட்டரஸ் தேசியக் கடற்கரைதான் முக்கியம். அங்கே பூங்காத் துறை நடத்தும் கேம்ப்கிரவுண்டுகள் நான்கு: ஆரிகன் இன்லெட், பக்ஸ்டனில் கேப் பாயின்ட், ஃப்ரிஸ்கோ, ஓக்ரகோக்.

பெரிய வண்டிக்கு ஆரிகன் இன்லெட். சமதளம், அகலமான சுற்றுச்சாலை, மணல்மேட்டைத் தாண்டினால் கடல். நான்கில் மின்சாரமும் தண்ணீரும் உள்ள சைட்டுகள் இங்கேதான் இருக்கின்றன, அதுவும் எல்லா சைட்டிலும் இல்லை. நிழல் என்ற பேச்சே கிடையாது. ஃப்ரிஸ்கோ மேடும் பள்ளமுமான மணல்குன்றுகளுக்குள் இருக்கிறது. நான்கில் அழகு அதற்குத்தான், ஆனால் 30 அடிக்கு மேல் நீளமுள்ள வண்டியை நான் அங்கே அனுப்ப மாட்டேன். கேப் பாயின்ட் தாழ்வான நிலம். கனமழை பெய்தால் தண்ணீர் வடிய நாளாகும், முன்பதிவே ரத்தாவதும் உண்டு. ஓக்ரகோக்குக்குப் பாலமே இல்லை. ஹேட்டரஸிலிருந்து போகும் வாகனப் படகு இலவசம், ஏறக்குறைய ஒரு மணி நேரம், வரிசையில் நின்று ஏற வேண்டும். தெற்கே சீடர் ஐலண்ட், மேற்கே ஸ்வான் குவார்ட்டர் படகுகளுக்குக் கட்டணமும் முன்பதிவும் உண்டு. கட்டணம் வண்டியின் நீளத்தைப் பொறுத்தது, அங்கேயும் அந்த டேப் அளவுதான் பேசும்.

ஜூலை, ஆகஸ்டில் ஹுக்கப், அதாவது மின்சார, தண்ணீர் இணைப்பு, இல்லாத கடலோர சைட்டை எடுக்காதீர்கள். பகல் வெயிலில் தகரப் பெட்டிக்குள் ஏசி இல்லாமல் குழந்தைகளை வைத்துக்கொண்டு இருக்க முடியாது. ஜெனரேட்டர் ஓட்ட நேரக் கட்டுப்பாடு உண்டு, காற்று விழும் நாளில் கொசு வேறு. அந்த மாதங்களில் கட்டாயம் கடல் வேண்டுமென்றால் ஆரிகன் இன்லெட்டில் மின்சார சைட்டைப் பிடியுங்கள், அல்லது ரோடான்தி, வேவ்ஸ் ஊர்களில் உள்ள முழு ஹுக்கப் தனியார் கேம்ப்கிரவுண்டுகளைப் பாருங்கள். விலை அதிகம்தான், கழிவுக் குழாய் இணைப்புவரை கிடைக்கும்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் கடலோரத்தைப் பற்றிச் சொல்லி முடியாது. ஹேட்டரஸில் காற்று இல்லாத நாள் அபூர்வம். வெளித் திரையை, அதாவது ஆனிங்கை, விரித்துவிட்டு கடலுக்குக் குளிக்கப் போனால் திரும்பி வரும்போது அதன் கை வளைந்து கிடக்கும். வாடகை வண்டியில் அந்தச் சேதம் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். கேஸில் ஓடும் பழைய வகை ஃப்ரிட்ஜின் வெளி வலைக்கதவு காற்றடிக்கும் பக்கம் இருந்தால் உள்ளே சுடர் அணைந்துபோகும். காலையில் பால் திரிந்திருப்பதைப் பார்த்துத்தான் தெரியவரும். முடிந்தால் வண்டியின் மூக்கு காற்றைப் பார்த்து நிற்கிற சைட்டாக எடுங்கள், பக்கவாட்டு ஆட்டமும் குறையும். நிழல்பந்தல் கட்ட சாதாரண முளைக்குச்சி மணலில் நிற்காது, அகலமான மணல் முளை வேண்டும்.

தீவு நெடுக ஓடும் என்சி 12 சாலையின் ஓரத்தில் படம் எடுக்க இறங்காதீர்கள். தார் முடிகிற இடத்திலிருந்தே பொலபொலவென்று மணல்தான். 10,000 பவுண்டு வண்டியின் ஒரு பக்கச் சக்கரம் இறங்கிவிட்டால் மீட்பு வண்டி வராமல் ஏறாது.

இந்தத் தீவுகளுக்குச் சாலை ஒன்றே ஒன்று. புயலோ வடகிழக்குக் காற்றோ வலுத்தால் பீ ஐலண்ட் பகுதியில் கடல்நீரும் மணலும் சாலைமேல் ஏறி வழி அடைபடும். 2019-இல் திறந்த மார்க் பாஸ்நைட் பாலமும் 2022-இல் ரோடான்தியில் திறந்த வளைவுப் பாலமும் நிலைமையை நிறைய மாற்றியிருக்கின்றன, முழுக்கத் தீர்த்துவிடவில்லை. புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. வெளியேறும் உத்தரவு வரும்வரை காத்திருப்பது கார்க்காரர்களுக்குச் சரி. ஆர்விக்காரர்கள் முன்னறிவிப்பு வந்ததும், காற்று எழும்பும் முன்பே, கிளம்பிவிட வேண்டும். உயரமான பாலத்தின்மேல் பக்கக்காற்றில் டிரெய்லரை ஓட்டுவது விளையாட்டில்லை. தீவுக்குள் போகும்போதே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள், திரும்பும் நாளில் பங்க்கில் வரிசை நிற்கும்.

இவ்வளவு சிரமம் வேண்டாம், குழந்தைகள் அலையில் கால் நனைத்தால் போதும் என்பவர்களுக்கு வில்மிங்டன் பக்கத்து கரோலினா பீச் மாநிலப் பூங்கா. பெயரில் பீச் இருந்தாலும் கேம்ப்கிரவுண்டு மரங்களுக்கு நடுவே, கேப் ஃபியர் ஆற்றுப் பக்கம் இருக்கிறது. கடலுக்கு டிரக்கில் சில நிமிடம். நிழலும் உண்டு, காற்றும் அடங்கி வீசும். வீனஸ் ஃப்ளைட்ராப் என்ற பூச்சி தின்னும் செடி உலகில் இயற்கையாக வளர்வது இந்த வில்மிங்டன் வட்டாரத்தில்தான். பூங்காவின் நடைபாதை ஒன்றிலேயே அதைப் பார்க்கலாம். பிடுங்கினால் சட்டப்படி குற்றம்.

ஏரிக்கரை

முதன்முதலாக ஆர்வி எடுப்பவர்களை ஏரிக்குத்தான் அனுப்ப வேண்டும். வழி எளிது, ஏதாவது உடைந்தால் கடை பக்கத்தில், பிடிக்காவிட்டால் ஒரு மணி நேரத்தில் வீடு. ராலே, கேரிக்காரர்களுக்கு ஜோர்டன் ஏரி. பாப்லர் பாயின்ட், கிராஸ்விண்ட்ஸ், பார்க்கர்ஸ் கிரீக் என்று பெரிய கேம்ப்கிரவுண்டுகள் உண்டு, எல்லாம் சேர்த்து 1,000 சைட்டுக்கு மேல். நியூ ஹோப் ஓவர்லுக் நடந்துபோய்க் கூடாரம் போடும் இடம், ஆர்வியோடு அங்கே முன்பதிவு செய்துவிடாதீர்கள். ஃபால்ஸ் ஏரியில் ஹோலி பாயின்ட், ரோலிங் வியூ. வடக்கே வர்ஜீனியா எல்லையில் கெர் ஏரி, கூட்டம் குறைவு. சார்லட்டுக்கு நார்மன் ஏரி.

மின்சாரமும் தண்ணீரும் உள்ள சைட்டுகள் இங்கே தாராளம், கழிவுக்கு டம்ப் ஸ்டேஷன். ஞாயிறு காலை 11 மணிக்கு எல்லா வண்டியும் அந்த ஒரே டம்ப் ஸ்டேஷனுக்குத்தான் வரும். ஒன்று எட்டு மணிக்கே முடித்துவிடுங்கள், இல்லை மதியம் வரை காத்திருக்கிற பொறுமை வேண்டும். முதலில் கழிப்பறைக் கழிவு நிற்கும் பிளாக் டேங்க், பிறகு குளியல், சமையல் நீர் நிற்கும் கிரே டேங்க். சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டே போகும். பிளாக் டேங்க் வால்வை மூன்றில் இரண்டு பங்கு நிரம்பும்வரை திறக்கவே கூடாது. முழு ஹுக்கப் சைட்டில் "குழாய்தான் மாட்டியாச்சே" என்று திறந்து வைத்தால் திரவம் ஓடிவிடும், திடம் அடியில் குவிந்து இறுகிப்போகும். நம் வீட்டுச் சமையலுக்கென்றே ஒரு எச்சரிக்கை: அரிசி களைந்த நீரும் தாளித்த எண்ணெயும் கிரே டேங்கில் போனால் இரண்டாம் நாளே நாறும், அளவுக்கருவியில் எண்ணெய் படிந்து "நிறைந்தது" என்று பொய் சொல்லும். பாத்திரத்தைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள்.

மின்கம்பத்தில் நேராகச் செருகக் கூடாது. பிரேக்கரை அணைத்து, வோல்ட்டேஜ் காட்டும் சர்ஜ் புரொடெக்டரைச் செருகி, பிரேக்கரைப் போட்டு எண்ணைப் பார்த்த பிறகே வண்டிக் கேபிள். ஜூலை சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு எல்லா வண்டியிலும் ஏசி ஓடும்போது, பழைய வயரிங் உள்ள சுற்றுச்சாலையின் கடைசி சைட்டுகளில் வோல்ட்டேஜ் 105-க்குக் கீழே இறங்கும். அந்த வோல்ட்டேஜில் ஓடினால் ஏசி கம்ப்ரஸர் கூடுதல் ஆம்ப் இழுத்துச் சூடேறிக் கெட்டுப்போகும். தண்ணீர்க் குழாயிலும் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் கட்டாயம், 40 முதல் 50 பிஎஸ்ஐ போதும்.

தண்ணீரைத் தொட்டாற்போல் உள்ள சைட்டுக்கு எல்லோரும் அடித்துக்கொள்வார்கள். கரை என்றால் சரிவு. பழைய கேஸ் வகை ஃப்ரிட்ஜ் பக்கவாட்டில் சுமார் 3 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் குளிரவைக்கும் சுழற்சி நின்றுவிடும். 8 அடி அகல வண்டியில் 3 டிகிரி என்பது இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் 5 அங்குல வித்தியாசம். சக்கரத்துக்கடியில் வைக்கும் மட்டக்கட்டைகள் அந்த அளவுக்குப் போதுமா என்று பாருங்கள். புதிய 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜுக்கு இந்தத் தொல்லை இல்லை. கோடையில் கரைமுனை சைட்டைவிட இரண்டாம் வரிசை மர நிழல் சைட்டே மேல் என்பது என் கட்சி. சோலார் பேனலை நம்பியிருப்பவர்கள் மட்டும் மறுப்பார்கள். பெருமழைக்குப் பிறகு, கீழே ஆற்றோர ஊர்களைக் காக்க ராணுவப் பொறியியல் பிரிவு ஜோர்டன், கெர் அணைகளில் நீரைத் தேக்கி வைக்கும். அப்போது நீச்சல் கரையும் படகுத் துறையும் முழுகும், தாழ்வான சைட்டுகளும் சேர்ந்தே முழுகலாம்.

மாநிலப் பூங்காக்களின் கேட்டை இரவில் பூட்டிவிடுவார்கள். வெள்ளி மாலை வேலை முடிந்து கிளம்புகிறவர்கள் மூடும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மலை

முதலில் ஏற்றம். ராலேயிலிருந்து ஐ-40-இல் ஆஷ்வில் போகும் வழியில் ஓல்டு ஃபோர்ட் தாண்டியதும் சில மைல்களுக்கு 6 சதவீத ஏற்றம். போகும்போது எஞ்சின் சூடேறும், அவ்வளவுதான். ஆபத்து திரும்பும் வழியில்: அதே சரிவில் இறங்க வேண்டும். பிரேக் பிடிக்காத லாரிகள் ஏறி நிற்க மணல் சரிவுப் பாதைகளை அங்கே சும்மா போட்டு வைக்கவில்லை. சரிவு தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, பிரேக்கை அழுத்தி விட்டு அழுத்தி விட்டு இறங்க வேண்டும். தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடாகிப் பிடிமானம் போய்விடும்.

அடுத்தது குகைகள், அதாவது மலையைக் குடைந்த சுரங்கச் சாலைகள். மலைமுகட்டுச் சாலையான புளூ ரிட்ஜ் பார்க்வே 469 மைல், அதில் 26 குகைகள், ஒன்றைத் தவிர எல்லாம் வட கரோலினாவில். வளைவான கூரை என்பதால் நடுவில் உயரம் அதிகம், ஓரத்தில் குறைவு. பெரும்பாலானவற்றில் ஓரத்திலேயே 13 அடிக்கு மேல் இருக்கிறது. செரோக்கீயை நெருங்கும் கடைசிப் பகுதிதான் பொல்லாதது. மைல் 459-ஐ ஒட்டிய பஞ்சஸ் பால்ட் குகையில் ஓரத்து உயரம் 10 அடி 6 அங்குலம். 12 அடி வண்டி நடுக்கோட்டைப் பிடித்துப் போனால்தான் நுழையும், எதிரே ஒரு வண்டி வந்தால் சிக்கல். பூங்காத் துறை ஒவ்வொரு குகைக்கும் உயரப் பட்டியல் வெளியிட்டிருக்கிறது. ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிய எண்ணை அதோடு ஒப்பிடுங்கள். கைபேசி வரைபடத்துக்கு உங்கள் வண்டியின் உயரம் தெரியாது.

பார்க்வே கேம்ப்கிரவுண்டுகள் எதிலும் ஹுக்கப் கிடையாது. ஜூலியன் பிரைஸ், லின்வில் ஃபால்ஸ், மவுண்ட் பிஸ்கா மூன்றும் நல்ல இடங்கள். பிஸ்கா ஏறக்குறைய 5,000 அடி உயரம், ஜூலையிலும் இரவில் போர்வை வேண்டும். அங்கே என்சி 151 வழியாக ஏறாதீர்கள், கொண்டை ஊசி வளைவுகள் டிரெய்லருக்கு ஆகாது. பிரெவர்டிலிருந்து யுஎஸ் 276 வழியும் வளைவுதான், சிறிய வண்டிக்குப் பரவாயில்லை. பெரிய வண்டியென்றால் மேலே ஏறவே வேண்டாம். அதே 276-இன் அடிவாரத்தில் டேவிட்சன் ரிவர் கேம்ப்கிரவுண்டு இருக்கிறது. வண்டியை அங்கே விட்டுவிட்டு டிரக்கில் மேலே போய் வாருங்கள். மலைக்கு நான் சொல்லும் பொதுவான வழியும் இதுவே: அடிவாரத்தில் தங்கு, காரில் ஏறு. மிட்செல் மலை உச்சியில் ஆர்வி தங்க இடமே கிடையாது, கூடாரங்கள் மட்டும்.

ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில் செரோக்கீ பக்கம் ஸ்மோக்மான்ட். டிரெய்லர் 35 அடி, மோட்டார்ஹோம் 40 அடி வரை விடுவார்கள். மின்சாரம் இல்லை, குளியலறையும் இல்லை. டீப் கிரீக்கில் வரம்பு 26 அடி. கேட்டலூச்சிக்கு 31 அடி என்று போட்டிருந்தாலும் உள்ளே போகும் குறுகிய மண்பாதையில் எதிர்வண்டிக்கு வழிவிட டிரெய்லரோடு பின்னால் போகத் தெரிந்திருக்க வேண்டும். ஹுக்கப் வேண்டுமென்பவர்களுக்கு செரோக்கீ, மேகி வேலி ஊர்களில் தனியார் இடங்கள் ஏராளம்.

ஹுக்கப் இல்லாத மலை இரவில் பேட்டரிக் கணக்கு கறாராக இருக்க வேண்டும். 100 ஆம்ப்-அவர் சாதாரண லெட் பேட்டரியில் பயன்படுத்தத்தக்கது பாதி, 50. கேஸ் ஹீட்டரின் விசிறி 7 முதல் 8 ஆம்ப் இழுக்கும். ஒன்பது மணி நேர இரவில் பாதி நேரம் ஓடினாலே 30-க்கு மேல் போயிற்று. மீதியை ஃப்ரிட்ஜின் கட்டுப்பாட்டுப் பலகையும் கேஸ் எச்சரிக்கைக் கருவியும் தின்றுவிடும். ஒரு பேட்டரியோடு இரண்டாம் இரவு கிடையாது. ஜெனரேட்டரும் ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஏறக்குறைய 3 சதவீத சக்தியை இழக்கும், வீட்டு வாசலில் ஏசியைக் கிளப்பிய ஜெனரேட்டர் பிஸ்காவில் திணறலாம். 5,000 அடியில் தண்ணீர் 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு சீக்கிரம் வேகாது, குக்கரைக் கொண்டுபோங்கள்.

கரடிகள் உண்டு. வெளியே அடுப்பு வைத்து நெய்யில் முந்திரி வறுத்தால் அந்த வாசனை உங்கள் சைட்டோடு நிற்காது. சாப்பாடு, எண்ணெய்ப் பாத்திரம், குளிர்பெட்டி, ஏன் பற்பசை கூட, எல்லாம் இரவில் வண்டிக்குள்தான் இருக்க வேண்டும். ஸ்மோக்கியில் வெளி விறகு கொண்டுபோகத் தடை, பூச்சி பரவும் என்பதால். வெப்பத்தில் பதப்படுத்திய முத்திரை விறகு மட்டுமே அனுமதி, பூங்காவுக்குள் விழுந்து கிடக்கும் காய்ந்த விறகைப் பொறுக்கிக்கொள்ளலாம்.

2024 செப்டம்பர் 27-இல் ஹெலீன் புயல் இந்த மலைப் பகுதியைப் புரட்டிப்போட்டது. பிஜன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஐ-40-இன் ஒரு பகுதியே ஆற்றில் சரிந்தது, 2025 மார்ச்சில்தான் திசைக்கு ஒரு தடமாகத் திறந்தார்கள். பழைய பயணக் குறிப்புகளை நம்பாமல், கேம்ப்கிரவுண்டு திறந்திருக்கிறதா, அதற்குப் போகும் பார்க்வே மைல்கள் திறந்திருக்கின்றனவா என்று பூங்காத் துறையின் பட்டியலில் இரண்டையும் தனித்தனியே பாருங்கள். ஒன்று திறந்து மற்றது மூடியிருக்கும்.

எப்போது, எப்படிப் பிடிப்பது

தேசியப் பூங்கா இடங்களுக்கு ரெக்ரியேஷன்.கவ், பெரும்பாலும் ஆறு மாதம் முன்பு, காலை 10 மணிக்குத் திறக்கும். மாநிலப் பூங்காக்களுக்குத் தனித் தளம். அக்டோபர் வார இறுதி மலை சைட்டுகள் திறந்த சில நிமிடங்களில் போய்விடும். தவறவிட்டால் பயணத்துக்கு முந்தைய வாரம் தினமும் பாருங்கள், ரத்தாகும் சைட்டுகள் அப்போதுதான் வரும். இலை நிறம் மாறுவது உயரத்தில் முதலில். 5,000 அடியில் அக்டோபர் முதல் பாதி, ஆஷ்வில் மட்டத்தில் மாதக் கடைசி. ஞாயிறு முதல் வியாழன் வரை போக முடிந்தால் பாதி சண்டை முடிந்தது.

அக்டோபர் கடைசியில் மலைக்குப் போகிறவர்கள் இரவில் தண்ணீர்க் குழாயைக் கம்பத்திலிருந்து கழற்றி வடித்துவிட்டு, வண்டி டேங்க் நீரையும் பம்ப்பையும் பயன்படுத்துங்கள். மாட்டியபடியே விட்டால் ஒரே உறைபனி இரவில் குழாய் விறைத்து, ரெகுலேட்டரில் விரிசல் விழும்.